என்ன ஒரு கைவேலை!

“வலது கண்ணு பொய்க்கண்ணுடி! மறந்து தொலைச்சிடாதே!”

கண் மருத்துவச் செய்முறைத் தேர்வு அறையின் வாசலில் மூன்றாவது தடவையாகத் தங்கையின் காதில் ஓதினான் அண்ணன். போன வருஷம் தேர்வுக்கு உட்காரவைத்த நோயாளியின் பொய்க்கண்ணுக்குள் நரம்பு தெரிகிறது, ரத்தக்குழாய் தெரிகிறது என்று அளந்துவிட்டு பெயிலானவன். வருஷா வருஷம் அதே ஆளை உட்காரவைத்து மாணவர்களைக் கவிழ்ப்பது பேராசிரியருக்கு ஒரு பொழுதுபோக்கு.

“நல்லாத் தெரியுமா?”

“நேருக்கு நேரா உக்காந்து பாத்தவன்டி நான். பட்ட அவமானம் மறக்குமா?”

கோட்டை விட்டால் இவளுக்கும் ஒரு வருஷம் அம்போ.

உள்ளே, அண்ணன் சொன்ன அதே வழுக்கை, அதே பெரிய மீசை. நாற்காலியில் சாதுவாக உட்கார்ந்திருந்தார் மனிதர். அவரைப் பார்த்ததுமே அவளுக்குப் பாதி பயம் போய்விட்டது.

“இடது கண்ணைப் பாத்துச் சொல்லும்மா” என்றார் பேராசிரியர்.

கண்ணுக்குள் பார்க்கும் கருவியை நோயாளியின் கண்ணருகே கொண்டுபோனாள். பதற்றத்தில் உள்ளே ஒன்றும் பிடிபடவில்லை. அதனால் என்ன, நல்ல கண் என்றுதான் தெரியுமே! புத்தகத்தில் இருந்ததைக் கடகடவென்று ஒப்பித்தாள்.

“பிரமாதமான கண்ணு சார்! நரம்பு நல்ல ரோஸ் கலர். ரத்தக்குழாயெல்லாம் கச்சிதம். புரை கிடையாது, கசிவு கிடையாது.”

“நரம்பு தெரியுதா?”

“பளிச்சுன்னு தெரியுது சார்!”

“சரி. வலது கண்ணு?”

இதற்காகத்தானே காத்திருந்தாள்! கருவியை மேஜைமேல் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டாள்.

“அதுல பாக்கறதுக்கு ஒண்ணுமே இல்ல சார். அது பொய்க்கண்ணு.”

பேராசிரியரின் புருவம் உச்சிக்குப் போனது. “நிச்சயமாவா?”

“என்னை ஏமாத்த முடியுமா சார்? ஆனா, செஞ்சவன் பலே கெட்டிக்காரன். அந்தச் சிவப்புக் கோடெல்லாம் பாருங்க, அசல் மாதிரியே வரைஞ்சிருக்கான். என்ன ஒரு கைவேலை!”

பேராசிரியர் பெருமூச்சு விட்டு நோயாளியைப் பார்த்துத் தலையசைத்தார். நோயாளி நிதானமாகத் தன் இடது கண்ணைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டார்.

போன வருஷம் எதிரே உட்கார்ந்து பார்த்த அண்ணனுக்கு எது வலது பக்கமோ, அது இவருக்கு இடது பக்கம் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

நோயாளி அந்தக் கையை அவள் பக்கம் நீட்டினார்.

“இதுக்குள்ள ரோஸ் கலர்ல நரம்பு தெரியுதுன்னியே, எனக்கும் கொஞ்சம் காட்டும்மா!”