நீலம் ஏறாத பட்டை

“கழுவிக் கழுவியே எல்லாத்தையும் சாக்கடையில விட்டுட்டே! உன்னை யாரு கழுவச் சொன்னது?”

மாமனார் போட்ட சத்தம் தெருமுனை வரை கேட்டிருக்கும். சமையலறை மேடையில் காகிதப் பட்டைகள் ஈரத்தோடு வரிசையாகக் கிடந்தன. ஒன்றிலாவது நீலம் ஏற வேண்டுமே, ம்ஹூம்!

முன்னறையைச் சோதனைக்கூடமாக மாற்றி, மருமகள் இரண்டு வருடம் மல்லுக்கட்டிச் செய்த பட்டை அது. அதன்மேல் நீலம் ஏற்றும் ஒரு என்சைமை ஒட்டவைத்திருந்தாள். காய் கழுவிய தண்ணீரில் நனைத்தால் பட்டை நீலமாக வேண்டும். காயில் பூச்சிமருந்து இருந்தால் என்சைம் செத்துப்போகும், பட்டை வெள்ளையாகவே நிற்கும்.

“ஒட்டாம சும்மா மேல இருந்ததைத்தான் மாமா கழுவினேன். சரியா ஒட்டினது எத்தனை தடவை கழுவினாலும் போகாது.”

“போகலைன்னா இது ஏன் வெளுத்துக் கிடக்கு? காய்கூடப் போடல, வெறும் குழாய்த் தண்ணியிலதான் நனைச்சேன்! மதியம் பட்டையைப் பார்க்க மார்க்கெட்காரங்க வந்து நிப்பாங்க. என் மூஞ்சியை எங்க கொண்டுபோய் வெச்சுக்கறது?”

மருமகளுக்குச் சுர்ரென்று ஏறியது. “காலையில கொசு மருந்து அடிக்க ஒருத்தர் வந்தாரே, அவர் என் ரூமுக்குள்ள போனாரா?”

“ஆடத் தெரியாம அடுத்தவன் தலையில பழி போடாதே! அவன் மொட்டைமாடியில தண்ணித் தொட்டி பக்கமா அடிச்சிட்டு அப்படியே போயிட்டான். சாயங்காலத்துக்குள்ள ரூமைக் காலி பண்ணு. என் ஸ்கூட்டர் நிறுத்தறதுக்காவது ஆகும்.”

ஸ்கூட்டரா! அவள் விருட்டென்று திரும்பினாள். தன் அறைக்குப் போய் ஒரு புதுப் பட்டையையும், காய்ச்சி வடித்த தண்ணீர் பாட்டிலையும் கொண்டுவந்து மேடையில் நங்கென்று வைத்தாள்.

“இதுவும் அதே டப்பாவுல இருந்ததுதான். கண்ணை நல்லாத் திறந்து பாருங்க.”

பட்டையை பாட்டில் தண்ணீரில் நனைத்து வைத்தாள். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றார்கள். கொஞ்ச நேரத்தில் பட்டையின் ஓரத்திலிருந்து நீலம் பரவ ஆரம்பித்து, முழுவதும் பளிச்சென்று ஏறிவிட்டது.

“என்ன சொன்னீங்க? சாக்கடையில விட்டுட்டேனா? இப்ப சொல்லுங்க, யாரு எதைக் காலி பண்ணணும்?”

கத்தியதில் மாமனாருக்குத் தொண்டை வறண்டிருந்தது. குழாயைத் திறந்து ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்தார்.

மருமகள் நீலப் பட்டையைப் பார்த்தாள். பக்கத்தில் கிடந்த வெள்ளைப் பட்டைகளைப் பார்த்தாள். அவர் டம்ளரை வாய்க்குக் கொண்டுபோகவும், பாய்ந்து கையைத் தட்டிவிட்டாள்.

“குடிக்காதீங்க மாமா, தண்ணியிலதான் விஷம்!”