திரும்பி வந்த கனவு

காலை வெயில் தையல் மிஷினின் சக்கரத்தில் மின்னுகிறது. கஞ்சாவை நிறுத்தியதிலிருந்து தையல்காரருக்குக் கை நடுக்கம். ஊசிக்காது அகப்படமாட்டேன் என்கிறது. வியர்வையில் நனைந்த தலையணையை ஜன்னலில் காயப்போட்டுவிட்டு வந்த மனைவி, நூல் நுனியை உதட்டில் ஈரமாக்கிக் கோத்துத் தருகிறாள். அவர் மிஷினை மிதிக்கவில்லை. "கஞ்சா அடிச்ச இத்தனை வருஷமா எனக்குக் கனவே வந்ததில்ல. நேத்து அண்ணன் வந்தான்." கனவில் எதிரே உட்கார்ந்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்தபடி பொத்தான் தைத்துக்கொண்டிருந்த அண்ணன், செத்துப்போனவன். முதன்முதலாகச் சிகரெட்டில் கஞ்சா அடைத்துக் கொடுத்தவனும் அவன்தான். "அதே சிரிப்பு. சிகரெட்ட நீட்டினான்." அவள் கையில் கத்தரிக்கோல் அப்படியே நிற்கிறது. "வாங்கினீங்களா?" "இல்ல. அவன் கையைப் பிடிச்சுக்கிட்டேன். கதகதப்பா இருந்துச்சு."