முயல் நுழையாத கூண்டு

ஓய்வுபெற்ற தலைமைப் பொறியாளர் தோட்டத்தின் நடுவே, தாமே கட்டிய கம்பிவலைக் கூண்டுக்குள் குந்தியிருக்கிறார். காலை வெயில் அவருடைய வழுக்கையில் சின்னச் சின்னக் கட்டம் போடுகிறது. முடிச்சு வெளியே இருந்தால் முயல் கடித்து அவிழ்த்துவிடும் என்பது அவருடைய சித்தாந்தம். ஆகவே கூரை உட்பட எல்லாப் பக்கத்தையும் உள்ளிருந்தபடியே முறுக்கி இறுக்கிவிட்டார். கடைசி முடிச்சில் குறட்டின் கைப்பிடி முறிந்து கையோடு வந்துவிட்டது; இனி முடிச்சை அவிழ்த்து வெளியே வர வழியில்லை. அப்போதுதான் நாற்றுத்தட்டு வெளியே இருப்பது கண்ணில் பட்டது. மனைவி நாற்பது நாளாகத் தண்ணீர் தெளித்து வளர்த்த பன்னிரண்டு முட்டைக்கோஸ் நாற்றுகள் அதில் இருந்தன. இப்போது மூன்றுதான் இருக்கின்றன. தட்டின் ஓரத்தில் சாம்பல் நிற முயல் ஒன்று அவசரமில்லாமல் மென்றுகொண்டிருக்கிறது. "ச்சூ" என்கிறார், மூச்சைவிடச் சன்னமாக. முயல் ஒரு காதை மட்டும் திருப்புகிறது. கத்தினால் மாடியில் நின்று பல் துலக்கும் அடுத்த வீட்டுப் பல் டாக்டருக்குக் கேட்கும். நேற்றுதான் அந்த டாக்டருக்கு இவர் வேலி அமைப்பது பற்றி ஒரு மணி நேரம் பாடம் எடுத்திருக்கிறார். சமையலறையிலிருந்து மனைவியின் குரல் வருகிறது: "என்னங்க, என் பிள்ளைங்களைப் பத்திரமா உள்ள வெச்சுட்டீங்களா?" அவர் வாயைத் திறக்குமுன் மாடியிலிருந்து நுரை ததும்பும் வாய் ஒன்று எட்டிப் பார்க்கிறது. "என்ன சார், உள்ள உக்காந்திருக்கீங்க?" "வலை தாங்குதான்னு சோதிக்கிறேன்." "தாங்குதா?" முயல் கடைசி நாற்றை வேரோடு இழுக்கிறது. அவர் வலையைப் பிடித்து உலுக்குகிறார். ஒரு கம்பிகூட அசையவில்லை. "பிரமாதமா தாங்குது" என்கிறார்.