பசுவின் பின்னங்கால்

“அனி, இவ்ளோ வேகமா ஓடினா மாடு ரெண்டாப் பிச்சுக்கும்!” என்று பின்னாலிருந்து கத்தினாள் விஷாகா.

மாடு என்றால் துணி மாடு. முன்னங்கால் அனிருத், பின்னங்கால் அவன் மனைவி. லிவர்மோர் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே வருஷா வருஷம் நடக்கும் மாறுவேஷ மாரத்தான். முன்னால் ஒரு வாழைப்பழம் மூச்சிரைக்க ஓடிக்கொண்டிருந்தது. தோட்டத்துக்குத் தோட்டம் மேஜை போட்டு, தண்ணீரோடு ஒயினும் கொடுத்தார்கள்.

சான் ரமோன் வீட்டிலிருந்து ஜாலியாகத்தான் கிளம்பினார்கள். விஷாகாவின் அப்பாவும் கூட வந்திருந்தார். குடையும் கையுமாக வழியில் எங்கேயோ நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருப்பார். அவர் பக்கம்தான் பேச்சு திரும்பியது.

“செவ்வாய்க்கிழமை அப்பா கிளம்பறார். உனக்கு ஒண்ணுமே தோணலையா?”

“நான் என்ன பண்ண? அவரேதான் டிக்கெட்டை ப்ரிபோன் பண்ணிட்டார்.”

“ஏன் பண்ணார்? பொண்ணு வீட்ல எத்தனை நாள் உக்காந்து சாப்பிடறதுங்கறார். மாப்பிள்ளை வாயால ‘இருங்கோ’ன்னு ஒரு வார்த்தை வந்திருந்தா இருந்திருப்பார். அம்மாவும் இல்லாம சென்னைல தனியா என்ன பண்ணுவார்?”

“அவரைப் பார்த்தாலே எனக்குப் பேச்சு வரமாட்டேங்கறது, விஷா.”

“அப்ப நானும் உங்கிட்டப் பேசப் போறதில்ல. போ!”

அவன் சொன்னது நிஜம்தான். மாமனார் கஸ்தூரிரங்கன் ஹாலுக்கு வந்தால் அனிருத் லேப்டாப்போடு மாடிக்குப் போய்விடுவான். அது கூச்சம். அவரோ அதை வேண்டாவெறுப்பு என்று எடுத்துக்கொண்டார்.

கடைசி மேஜையருகே மாடு நின்றது. அனிருத் மாட்டுத் தலையைக் கழற்றி வைத்துவிட்டு பாத்ரூமுக்கு ஓடினான். திரும்பி வந்தபோது பின்னங்கால்கள் குனிந்து தயாராக இருந்தன. இரண்டு கோப்பை சிவப்பு ஒயின் வாங்கி, சமாதானமாக ஒன்றைத் துணிக்குள் பின்னால் நீட்டினான். கோப்பை காலியாகத் திரும்பி வந்தது. அப்பாடா, பாதிக் கோபம் போயிற்று.

“கால் வலிக்கறதா? மெதுவாவே போலாம்.”

“ம்.”

“சரி, நீ பேசாதே. நான் பேசறேன்.” அனிருத் மாட்டு வாய் வழியாக ரோட்டைப் பார்த்துக்கொண்டே நடந்தான். “உங்கப்பா வந்தப்புறம்தான் நம்ம வீடு வீடா இருக்கு. அவர் போடற காபிக்காகவே நான் ஆபீஸுக்கு லேட்டாப் போறேன், தெரியுமா? எங்கப்பா போனப்புறம், ‘சாப்ட்டாச்சா’ன்னு என்னை யாரு கேட்டா? இவர் ஒருத்தர்தான். டெய்லி கேக்கறார். நான் ஒரு தலையாட்டு ஆட்டிட்டு மாடிக்குப் போயிடறேன். மடையன்.”

பின்னங்கால்களின் நடை மெதுவானது.

“அவர் போயிட்டா எனக்குத் தாங்காது, விஷா. எதிர்ல போய் நின்னா நாக்கு ஒட்டிக்கறது. எனக்காக நீயே சொல்லிடேன். இருக்கச் சொல்லேன்.”

மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அழுகிறாள்.

எல்லைக் கோட்டைத் தாண்டியதும் கூட்டம் கைதட்டியது. வாழைப்பழம் ஓடி வந்து மாட்டைக் கட்டிக்கொண்டது. தலையைக் கழற்றி நிமிர்ந்த அனிருத் அப்படியே நின்றுவிட்டான். எதிரே, கையில் அப்பாவின் குடையோடு விஷாகா சிரித்துக்கொண்டிருந்தாள்.

“கால் பிடிச்சுண்டுடுத்துன்னு அப்பாகிட்டப் பொய் சொல்லி ஆளை மாத்திட்டேன். நான் ரேஸ் வேன்ல வந்துட்டேன்!”

மாட்டின் பின்பக்க ஜிப் மெல்லத் திறந்தது. வேர்வையில் கலைந்த நாமத்தோடு வெளியே வந்த கஸ்தூரிரங்கன், அங்கவஸ்திரத்தால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“டிக்கெட்டை கேன்சல் பண்ணிடுங்கோ, மாப்ளே. அப்புறம், நீங்க குடுத்த அந்தத் திராட்சை ஜூஸ் பேஷ், ஆத்துக்கு ரெண்டு பாட்டில் வாங்கிண்டே போயிடுவோம்.”