ஆயிரத்து எண்பது நாள் அனுபவம்

“அனுபவம்ங்கிற இடத்துல ‘லாரி ஓட்டினேன்’னு போட்டா, யார் சார் நம்பிக் குழந்தையைக் கையில குடுப்பாங்க?”

கடைக்காரி விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டாள். ஜெராக்ஸ் எடுப்பது, போட்டோ பிரிண்ட் போடுவது, பயோடேட்டா அடித்துக் கொடுப்பது எல்லாம் அந்தச் சின்னக் கடையில் அவள் ஒருத்திதான். எட்டு வருடத்தில் எத்தனையோ பேரை வேலைக்கு அனுப்பி வைத்த விரல்கள் என்று அவளுக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

எதிரே உட்கார்ந்திருந்தவருக்கு அறுபதுக்கு மேல் இருக்கும். முப்பத்தொரு வருடம் தொலைதூர லாரி ஓட்டி ஓய்ந்தவர். ஜன்னல் பக்கத்துக் கை மட்டும் இன்னும் வெயிலில் கறுத்தே இருந்தது. அவர் இப்போது கேட்டு வந்திருப்பது, ஏழு மாதக் குழந்தையைப் பகலில் பார்த்துக்கொள்ளும் வேலை.

“அந்த வீட்டம்மா ரொம்பக் கறாரும்மா. நேத்து நேர்லயே போய்க் கேட்டேன். ‘அனுபவம் இல்லாத ஆள்கிட்ட குழந்தையை விடறதா இல்லை. பயோடேட்டா அனுப்புங்க, பார்க்கலாம்’னுட்டாங்க. திங்கட்கிழமை அவங்க ஆபீஸுக்குத் திரும்பணும். அதுக்குள்ள வேற யாரையாவது வெச்சுட்டா என் கதை முடிஞ்சுது.”

“வாட்ச்மேன் வேலை ரெண்டு மூணு இடத்துல காலியா இருக்கு. அடிச்சுத் தரட்டுமா?”

“எனக்கு இந்த வேலைதான் வேணும்.”

குரலில் இருந்த பிடிவாதத்தைப் பார்த்து அவள் திரும்பவும் திரைக்கு வந்தாள்.

“சரி, குழந்தை வளர்த்திருக்கீங்களா?”

“ஒரே ஒரு பொண்ணு.”

“அதை முதல்லயே சொல்லக் கூடாதா? ‘குழந்தை வளர்ப்பில் பதினெட்டு வருட அனுபவம்’. முடிஞ்சுது.”

“இருங்கம்மா, இருங்க. மாசத்துல அஞ்சு நாள்தான் நான் வீட்ல இருந்தது. மீதியெல்லாம் ரோட்டுல. அஞ்சைப் பன்னிரண்டால பெருக்கி, அதைப் பதினெட்டால பெருக்குங்க.”

அவள் கால்குலேட்டரைத் தட்டினாள். “ஆயிரத்து எண்பது நாள்.”

“மூணு வருஷத்துக்குப் பதினஞ்சு நாள் குறையுது.” ஏற்கெனவே போட்டுப் பார்த்த கணக்கு போலிருந்தது.

“மூணு வருஷம்னே போட்டுடறேன். பதினஞ்சு நாளை யார் எண்ணப் போறாங்க?”

“அந்த வீட்ல எண்ணுவாங்கம்மா.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. “சார், பயோடேட்டாங்கிறது போட்டோ பிடிச்சுக்கிற மாதிரி. வயித்தை உள்ளே இழுத்து, மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நிக்கணும். குறையை நாமே எழுதிக் குடுப்போமா?”

“எவ்வளவு நேரம் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறது? வேலைக்குச் சேர்ந்ததும் வெளியே விட்டுத்தானே ஆகணும்? உள்ளதைப் போடுங்க.”

போட்டாள். மூன்று வருடத்துக்குப் பதினைந்து நாள் குறைவு என்று, அவர் சொன்னபடியே.

“வேற என்ன தெரியும்?”

“தூக்கத்தை விரட்டத் தெரியும். சத்தத்தை வெச்சே கோளாறு எங்கேன்னு கண்டுபிடிப்பேன்.”

“அது இன்ஜினுக்கு சரி.”

“குழந்தையும் சத்தம்தானே போடுது? பசி அழுகை வேற, தூக்கத்துக்கு அழறது வேற. ரெண்டு மாசமா பக்கத்து வீட்டுக் குழந்தைகிட்ட பழகிட்டு வர்றேன்.”

“டயபர் மாத்துவீங்களா?”

“டயர் மாத்தறதைவிடக் கஷ்டம்மா. டயர் காலை உதைக்காது. ஆனா மாத்திடுவேன்.”

சிரித்துக்கொண்டே அடித்து முடித்தாள். “கடைசியா ரெஃபரன்ஸ். உங்க வேலையைப் பத்தித் தெரிஞ்சவங்க யாராவது. அவங்களுக்குப் போன் பண்ணி விசாரிப்பாங்க.”

அவர் யோசிக்காமல் ஓர் எண்ணைச் சொன்னார். “முப்பத்தொரு வருஷமும் என் வேலையைப் பார்த்தவங்க.”

“முதலாளியா?”

“அப்படித்தான் வெச்சுக்குங்க.”

“அப்போ, ‘முன்னாள் முதலாளி’.”

“முன்னாள்லாம் இல்லைம்மா. இப்பவும்தான்.”

‘முதலாளி’ என்று மட்டும் அடித்து, அவர் கொடுத்த சீட்டிலிருந்த முகவரிக்குக் கடையின் மின்னஞ்சலிலிருந்தே அனுப்பினாள். கீழே வழக்கம்போல் கடையின் தொலைபேசி எண்ணும் போயிற்று.

“பதில் இன்னைக்கு வராது சார். வீட்டுக்குப் போங்க.”

“கொஞ்ச நேரம் உட்கார்ந்துட்டுப் போறேனே.”

அரை மணி நேரம் ஆயிற்று. அவள் இரண்டு பேருக்கு ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தாள். ஆணி மாதிரி அதே நாற்காலியில் அவர். அப்போது கடைத் தொலைபேசி அடித்தது. ஒரு பெண் குரல்.

“ஒரு லாரி டிரைவரோட பயோடேட்டா உங்க கடையிலேர்ந்து வந்திருக்கு. நீங்கதான் அனுப்பினீங்களா?”

“ஆமா மேடம்.” கடைக்காரி எழுந்தே நின்றுவிட்டாள். அவரும் எழுந்தார்.

“அதுல இருந்த ரெஃபரன்ஸ் நம்பர்ல விசாரிச்சேன். ‘வேலையில சுத்தம். ஆனா இருக்க வேண்டிய நேரத்துல வீட்ல இருந்ததில்லை’ன்னு சொன்னாங்க.”

போச்சு, முதலாளியே காலை வாரிவிட்டான் என்று கடைக்காரிக்குத் தோன்றியது. அவரைப் பார்க்க முடியாமல் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். இதுவரை எந்த வாடிக்கையாளருக்காகவும் அவள் கெஞ்சியதில்லை.

“மேடம், மூணு வருஷம்னு முழுசா போட்டுக்கலாம்னு நான்தான் சொன்னேன். பதினஞ்சு நாள் குறையுதுன்னு அவர் விடவே இல்லை. அப்படிப்பட்டவரை நம்பிக் குழந்தையைக் குடுக்கலாம் மேடம்.”

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் ஒலி. அப்புறம் அந்தக் கறாரான குரல், அவ்வளவு கறாராக இல்லாமல் சொன்னது:

“அம்மாவும் கடைசியில அதையேதான் சொன்னாங்க. குறையற அந்தப் பதினஞ்சு நாளை என் பொண்ணுகிட்ட ஈடுகட்டணும்னு அப்பாகிட்ட சொல்லிடுங்க. திங்கட்கிழமை, காலைல எட்டு மணி.”