தேயாத ரப்பர்

ஒன்பதாவது படிக்கும் பூங்கோதையின் டப்பாவில் ஒரு பென்சிலும் ஒரு ரப்பரும் குடியிருந்தன. பைக்குள் பக்கத்திலேயே தடித்த இயற்பியல் கைடு. கணக்கு என்று ஒன்று வந்தால், பென்சில் யோசிக்கும் முன்பே கைடு பக்கத்தை விரித்துவிடும்.

"ஏன் தம்பி மண்டையை உடைச்சுக்கறே? நான்தான் போட்டு வச்சிருக்கேனே, பார்த்து எழுது."

பென்சிலும் பார்த்தே எழுதியது. எல்லாம் சரி. ரப்பருக்கு வேலையே இல்லை. கடையில் வாங்கியபோது இருந்த நாலு மூலையும் வருஷம் முழுக்க அப்படியே இருந்தன. அதில் ரப்பருக்குக் கொஞ்சம் பெருமைகூட.

பரீட்சையன்று கைடை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். உள்ளே தெரிந்த கணக்குதான் வந்திருந்தது. ஆனால் கைடில் இருந்த பத்து கிலோ வண்டி இங்கே பன்னிரண்டு கிலோவாக மாறியிருந்தது.

பென்சில் தாளின் மேல் நின்றது, நின்றுகொண்டே இருந்தது. அரைமணி போயிற்று. ரப்பரால் பொறுக்க முடியவில்லை.

"ஏதாவது எழுதுப்பா. தப்பாப் போனா அழிக்கத்தானே நான் இருக்கேன்."

"தப்பாப் போடவும் எங்கேயாவது தொடங்கணுமே அண்ணே," என்றது பென்சில். "எங்கே தொடங்கறதுன்னு நானா ஒருநாளும் யோசிச்சுப் பார்த்ததில்லை."

கடைசி மணி அடித்தபோதும் ரப்பரின் நாலு மூலையும் கூராகவே இருந்தன.