மாமனார் வண்டிக்குப் புது பேட்டரி

கடைசியில் மருமகன் மண்டியிட்டே விட்டான். அதுவும் மாமனாரின் காலடியில், தலையைக் குனிந்துகொண்டு. எதிர்வீட்டுத் திரைச்சீலைகள் ஒரு விரற்கடை விலகின.

பாவம், ஏமாந்து போனார்கள். அவன் மண்டியிட்டது மன்னிப்புக் கேட்க அல்ல. வாசலில் இருந்த புது கார் பேட்டரியில் சார்ஜர் கிளிப்பை மாட்ட.

"சிவப்பு பிளஸ்... கறுப்பு மைனஸ்..." என்று மந்திரம் போல முணுமுணுத்தான். எந்தப் பொருளையும் அதன் கையேட்டைக் கரைத்துக் குடித்த பிறகுதான் தொடுவான். முந்தின நாள், அதைப் படிக்காமல் புது மிக்ஸியை ஓட்டிவிட்டாள் என்று, மனைவிக்கு அவள் சிநேகிதிகள் எதிரிலேயே பாடம் எடுத்தான். வார்த்தை தடித்தது. "வந்து கூட்டிட்டுப் போங்கப்பா" என்று பிறந்த வீட்டுக்கு ஃபோன் பறந்தது.

மாமனார் விடிந்தும் விடியாமலும் வந்து இறங்கினார். வந்த வேகத்தில் முன்விளக்கை அணைக்க மறந்து, உள்ளே போய் மருமகனைக் கிழி கிழியென்று கிழித்தார். மகள் பெட்டியோடு வெளியே வந்தபோது வண்டி அசைந்து கொடுக்கவில்லை. கிழட்டு பேட்டரி, அத்தோடு கண்ணை மூடிவிட்டது.

மெக்கானிக் புதியதைக் கொண்டுவந்து இறக்கினார். "கடையில ரொம்ப நாளா சும்மா கிடந்தது. முழுசா சார்ஜ் ஏத்தாம மாட்டிடாதீங்க."

டாக்ஸியா? "என் பொண்ணு என் வண்டியிலதான் வருவா!" என்று மாமனார் மீசையை நீவினார். சார்ஜரும் அவர் டிக்கியிலிருந்தே வந்தது. அதன் விளக்கு எப்போதோ செத்துப்போயிருந்தது. "விளக்குதான் போச்சு, வேலை சுத்தம்" என்று அவரே சான்றிதழும் கொடுத்தார்.

வாசலில் பிளக் கிடையாது. மருமகன் வயரைச் சமையலறை ஜன்னல் வழியாக உள்ளே விட்டு, தானே போய் ஸ்விட்சைப் போட்டுவிட்டு வந்தான்.

மதியம் மீட்டர் வைத்துப் பார்த்தான். "இன்னும் ஏறல மாமா."

"சார்ஜ் ஏத்துறீங்களா, தாலாட்டு பாடுறீங்களா மாப்ள?"

"அவசரப்பட்டா இதோட ஆயுசு குறைஞ்சிடும் மாமா."

"இந்தப் பொறுமையில பாதியப் பொண்டாட்டிகிட்ட காட்டியிருந்தா, நான் ஏன் இங்க வந்து நிக்கிறேன்?"

மருமகன் மீட்டரின் கையேட்டை எடுத்துப் புரட்ட ஆரம்பித்தான்.

மாமனார் தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குள் போனார். மகள் கொண்டைக்கடலையைக் கழுவி ஊறப் போட்டுக்கொண்டிருந்தாள். ஊருக்குக் கிளம்புகிறவள் நாளைக்கு எதற்கு ஊறப் போடுகிறாள்? பழக்க தோஷம் என்று அவரே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

சாயங்காலமும் மீட்டர் முள் மாமனாரின் பிடிவாதம் போல அதே இடத்தில் நின்றது. என் சார்ஜரா மக்கர் பண்ணும்? அவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. வயரைப் பிடித்துக்கொண்டே சமையலறை வரைக்கும் போனவருக்கு, சுவரைப் பார்த்ததும் பழம் நழுவிப் பாலில் விழுந்தது போல ஆயிற்று. ஸ்விட்ச் போடப்படவே இல்லை!

"வாங்க மாப்ள, வாங்க! காலையிலேர்ந்து எங்க தலையில மிளகாய் அரைச்சிருக்கீங்க!"

ஓடிவந்த மருமகன் திருதிருவென்று விழித்தான். "நான் போட்டேன் மாமா... சத்தியமா போட்டேன்."

"பாத்தியாம்மா உன் புருஷன் தில்லாலங்கடிய? உன்னை அனுப்பாம இருக்க, ஸ்விட்ச அணைச்சு வெச்சுட்டு வாசல்ல நாடகம் போட்டிருக்கான்!"

மகள் கடலைப் பாத்திரத்தை நிதானமாக மூடி வைத்தாள்.

"அவருக்கு ஏதுப்பா அவ்வளவு சாமர்த்தியம்? நான்தான் அணைச்சேன்."